எதிர்க்காற்றும் பின்சக்கரமும்

மிதிவண்டிப் பந்தயம் என்றவுடன் கால் வலுவையே பலரும் நினைப்பர். தொடை திரண்டவன் வெல்வான், மெலிந்தவன் பின்தங்குவான் என்று கணக்கிடுவர். ஒரு முறையேனும் பந்தயத்தில் கலந்துகொண்டவர் இக்கணக்கை ஏற்கமாட்டார். சமதரையில் மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்பவனுடைய உழைப்பில் பெரும்பகுதி காற்றை விலக்குவதிலேயே செலவாகிறது. டயர் உருள்வதற்கும் செயின் உரசுவதற்கும் போவது சிறுபகுதியே. அன்றியும் காற்றின் தடை வேகத்திற்கு ஒப்ப வளர்வதில்லை. வேகம் இருமடங்கானால் தடை நான்கு மடங்காகிறது.

ஒரு மணி நேரத்தில் ஒருவன் தனியே எவ்வளவு தொலைவு மிதிக்க இயலும் என்று அளந்து பார்க்கும் வழக்கம் மேனாட்டில் உண்டு. 1893-இல் ஹென்றி தெக்ராஞ்சு என்னும் பிரெஞ்சுக்காரர் 35 கிலோமீட்டர் 325 மீட்டர் சென்றார். பின்னர் 1903-இல் பிரான்சு நாட்டைச் சுற்றும் பெரும் பந்தயத்தைத் தொடங்கியவர் அவரே. 2022-இல் இத்தாலியராகிய பிலிப்போ கன்னா 56 கிலோமீட்டர் 792 மீட்டர் சென்றார். இடைப்பட்ட நூற்று இருபத்தொன்பது ஆண்டுகளில் மனிதனுடைய கால்கள் அவ்வளவுக்கு வலுத்துவிடவில்லை. முதுகை வளைத்து, முழங்கையை ஒடுக்கி, காற்றின் கண்ணுக்குத் தப்பிச் செல்லும் கலையே வளர்ந்திருக்கிறது.

ஐம்பதைக் கடந்த ஒரு பங்குக் குருவுக்கு இதெல்லாம் எதற்கு என்று வாசகர் கேட்கக்கூடும். கேட்கட்டும். நம் பங்கைச் சேர்ந்த கிளையூர்கள் மூன்று. இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று மருத்துவர் கூறியது முதல், அதாவது 2019 முதல், மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு மிதிவண்டியிலேயே அவ்வூர்களுக்குச் சென்று வருகிறோம். குரங்குப் பெடல் போட்டுப் பழகிய சிறுவயதில் திருவிழா விளையாட்டுகளில் நாம் கண்டதெல்லாம் மெதுவாக மிதிக்கும் போட்டிதான். அதில் கடைசியாக வருபவனே வென்றவன். குருமடத்துக் காலத்திலும் விரைந்து மிதித்ததாக நினைவில்லை. விரைவுப் பந்தயம் நமக்கு ஐம்பதுக்கு மேல் வந்த ஆசை. கடந்த சில ஆண்டுகளில் சுற்றுவட்டார ஊர்களில் இளைஞர்கள் நடத்திய பந்தயங்கள் ஏழில் கலந்துகொண்டிருக்கிறோம். பரிசு ஒன்றும் பெற்றதில்லை. நம் வண்டி கியர் இல்லாத கறுப்பு வண்டி. பந்தயத்திற்கு முன் கேரியரையும் ஸ்டாண்டையும் கழற்றி, சக்கரத்திற்குக் கோட்டம் எடுத்து, செயினுக்கு எண்ணெய் இட்டு விடுவதே நாம் செய்யும் ஆயத்தம். அங்கியைக் கழற்றிவிட்டுக் கால்சட்டையுடன் நாம் வந்து நிற்பதைக் கண்டு முதலாண்டில் சிரித்த சிறுவர்கள் இப்போது சிரிப்பதில்லை. பழகிவிட்டது.

நாம் வாழும் இடத்தைப் பற்றி ஒரு சொல் கூறவேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை தன் தென்கோடியில் சற்றே இடைவிட்டு நிற்கும் இடம் ஆரல்வாய்மொழிக் கணவாய். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அவ்விடைவெளியில் நெருக்குண்டு பாய்ந்து, கிழக்கேயுள்ள சமவெளியில் விரிகிறது. முப்பந்தல் தொடங்கிக் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை காற்றாலைகள் நிற்பது இதனால்தான். 1752-இல் தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்டதும், 2022 மே 15-ஆம் நாள் அவர் புனிதராக உயர்த்தப்பட்ட பின் மக்கள் திரளாகச் சென்று வருவதுமான காற்றாடிமலையும் அங்கேதான் இருக்கிறது. மலையின் பெயரிலேயே காற்று இருப்பதைக் காண்க. மேலைக் காற்றைக் கோடை என்றனர் முன்னோர். கடற்கரையில் கச்சான் என்பர். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்னும் பழமொழியை இப்பகுதி மக்கள் மிகைப்படக் கூறியதாக எண்ணுவதில்லை.

இத்தகைய ஊரில் ஆடி மாதத்தில் மிதிவண்டிப் பந்தயம் வைப்பது அறிவுடைமைதானா என்று கேட்டால் விடை கூறுவது கடினம். 2023-இல் வைத்தார்கள். மேற்கு நோக்கிப் பன்னிரண்டு கிலோமீட்டர், திரும்பிப் பன்னிரண்டு கிலோமீட்டர். வந்தவர்கள் முப்பத்தொருவர். எந்த வண்டியும் வரலாம் என்பது விதி. ஆண்டுதோறும் அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டங்கள்தோறும் அரசு நடத்தும் மாணவர் பந்தயத்தில் அவ்வாறில்லை. அங்கே இந்தியாவில் செய்த சாதாரண மிதிவண்டிக்கே இடம் உண்டு. கியர் வண்டி வரக்கூடாது. ஏழைச் சிறுவனுக்கு அந்த விதி எத்துணைப் பெரிய காப்பு என்பது நாம் அன்று கண்ட காட்சிக்குப் பின்னரே நன்கு விளங்கிற்று.

புறப்படுமுன் வண்டிகளை மந்திரிக்குமாறு இளைஞர்கள் கேட்டனர். மந்திரித்தோம். வட இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலேயுள்ள கிசால்லோ கணவாயில் அன்னை மரியாளின் சிற்றாலயம் ஒன்று உண்டு. அந்த அன்னையை மிதிவண்டி ஓட்டுநர்களின் பாதுகாவலியாகப் பாப்பிறை பன்னிரண்டாம் பத்திநாதர் 1949 அக்டோபர் 13-ஆம் நாள் அறிவித்தார். பர்த்தாலி, கோப்பி என்னும் இரு பெரும் வீரர்களின் வண்டிகளும் அவ்வாலயத்தில் தொங்குகின்றன. அவ்விருவரும் ஒருவரையொருவர் வெல்லப் பிறந்தவர்கள் போலப் போட்டியிட்டவர்கள். ஆயினும் 1952-ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் பந்தயத்தில், மலையேறும்போது, ஒருவர் மற்றவருக்குத் தண்ணீர்ப் புட்டியை நீட்டும் படம் ஒன்று உலகப் புகழ்பெற்றது. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று இத்தாலியர் அதுபற்றி ஓயாமல் வாதிட்டு வந்திருக்கின்றனர். இதை நாம் இளைஞர்களுக்குச் சொன்னபோது, “சாமி, வெயில் ஏறுது” என்றார் விசில் வைத்திருந்தவர். நிறுத்திக்கொண்டோம்.

முதல் இரண்டு கிலோமீட்டருக்கு எல்லாரும் வீரர்களே. மரங்கள் மறைத்திருந்த ஊரெல்லை கடந்ததும் காற்று வந்து மார்பில் மோதியது. அங்கே முப்பத்தொருவரும் தாமாகவே பிரிந்தனர். நால்வர் முன்னே சென்று மறைந்தனர். அடுத்து அறுவர் ஓர் அணியாகச் சேர்ந்தோம். பின்னே ஒருவர் இருவராகச் சிதறி வந்தனர்.

அவ்வறுவரையும் வாசகர் அறியவேண்டும். செங்கல் சூளையில் வேலை செய்யும் அண்ணன் தம்பி இருவர். வாழைத்தார் ஏற்றும் தொழிலாளி ஒருவர். பதினேழு வயது மாணவன் ஒருவன். அரசு பள்ளியில் கொடுத்த விலையில்லா மிதிவண்டியில் வந்திருந்தான். நாள்தோறும் விடியுமுன் இருபுறமும் பால்கேன்களைக் கட்டிக்கொண்டு பால் சங்கத்திற்குச் சென்று வருபவன். அதுவே அவன் பெற்ற பயிற்சி. அவனுடைய பின்டயரில் நூல் தெரிந்தது; ஓரிடத்தில் உள்ளே பழைய டயர்த் துண்டை வைத்து அடைத்திருந்தான். ஐந்தாவதாக, நகரிலிருந்து வந்திருந்த அலுவலர் ஒருவர். நாற்பது வயதிருக்கும். வளைந்த கைப்பிடியும் மெல்லிய சக்கரமும் கொண்ட கியர் வண்டி, தலைக்கவசம், கையுறை. ஆறாவது நாம்.

எதிர்க்காற்றில் அணியாகச் செல்லும் முறையைச் சற்று விளக்குவோம். முன்னே செல்பவன் காற்றைப் பிளக்கிறான். அவனுடைய பின்சக்கரத்திற்கு ஒரு முழம், இரு முழம் விட்டு வருபவனுக்கு உழைப்பில் கால் பங்கும் அதற்கு மேலும் மிச்சமாகிறது. முன்னவன் களைத்ததும் ஒதுங்கிப் பின்னால் போய்விடுவான். அடுத்தவன் முன்னே வருவான். இவ்வாறு மாறி மாறிச் சென்றால், தனியே மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் செல்ல முடியாதவனும் பதினெட்டு செல்வான். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. நடுவர் பார்ப்பதுமில்லை. அன்று எங்கள் அணியில் மின்கம்பத்தை வைத்து முறை பிரித்தவன் பால்காரப் பையன். ஆளுக்குப் பத்துக் கம்பம். நம் முறை வந்தபோது, “சாமி, நீங்க அஞ்சு போஸ்ட்டு போதும்” என்றான். அவமதிப்பாக அன்று, உண்மையாகவே சொன்னான். ஐந்தே மிதித்தோம். அந்த ஐந்து கம்பத்தின் தொலைவு எவ்வளவு என்பதை நம் நெஞ்சு அறியும். ஓட்டுகிறவன் காதில் காற்று இரைவதைத் தவிர வேறு ஒலி இல்லை. முன்சக்கரம் உருள்கிறதா நிற்கிறதா என்று குனிந்து பார்க்கவேண்டியிருந்தது.

அலுவலர் முன்னே வரவில்லை.

முதற்சுற்றில் அவர் முறை வந்தபோது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் சுற்றில் கியரில் ஏதோ பார்த்தார். மூன்றாம் சுற்று முதல் யாரும் அவரை எதிர்பார்க்கவில்லை. முறை முடிந்து பின்னே செல்பவன் அவருக்கு முன்பாகவே நுழைந்துகொள்வான். அவர் கடைசியிலேயே வந்தார். பிரான்சு நாட்டார் இத்தகையோரைச் சக்கரம் உறிஞ்சுவோர் என்று குறிப்பிடுவர். நம் ஊரில் இதற்குத் தனிப்பெயர் இல்லாதிருந்தது. அன்று மாலைக்குள் சூளைத் தம்பி ஒரு பெயர் வைத்துவிட்டான்; அதை இவ்விதழில் எழுத இயலாது.

திரும்புமிடத்தில் சுண்ணாம்பு பூசிய தார் டிரம் ஒன்று இருந்தது. வந்து சேர்ந்ததற்கு அடையாளமாகக் கையில் சிவப்பு நாடா கட்டினர். அங்கிருந்து காற்று முதுகுப் பக்கம் வந்துவிட்டது. முக்கால் மணி நேரமாக எங்களைத் தடுத்த அதே காற்று அள்ளிக்கொண்டு போயிற்று. காற்று பின்னிருந்து வரும்போது அணியாகச் செல்வதில் மிச்சம் குறைவு. அவரவர் கையில் எஞ்சியிருக்கும் வலுவே அவரவர்க்கு. கடைசி மூன்று கிலோமீட்டரில் நாமும் வாழைத்தார் ஏற்றுபவரும் பின்தங்கினோம். முன்னே சென்ற நால்வரையும் பார்த்துக்கொண்டே மிதித்தோம். பையன் ஊர் வளைவிலிருந்தே எழுந்து நின்று மிதித்தான். சூளைச் சகோதரர்கள் விடுபட்டனர். முடிவுக் கோட்டிற்கு ஐம்பது மீட்டர் இருக்கும்போது அலுவலர் அவன் பின்னாலிருந்து விலகி வந்து, அரைச் சக்கர அளவில் அவனைக் கடந்தார்.

பரிசு முதல் ஐவருக்கு. முன்னே போன நால்வருக்கும் பணம். ஐந்தாம் பரிசு, சைக்கிள் கடைக்காரர் ஒருவர் நன்கொடையாகக் கொடுத்த இரண்டு புதிய டயரும் டியூபும். சாதாரண வண்டிக்குரிய தடித்த டயர். அலுவலருடைய மெல்லிய சக்கரத்திற்கு அவை பொருந்தா. அவர் கைகூப்பி வாங்கி, தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டார். வீட்டில் வேறு வண்டி இருக்கலாம்.

தேநீர்க் கடையில் பையன் நம்மிடம் வந்தான். அழவில்லை. “சாமி, அவரு ஒருக்காகூட முன்னால வரலியே. அது செல்லுமா?” என்றான்.

செல்லும். விதியில் அதற்குத் தடை இல்லை. அதைத்தான் சொன்னோம். கடையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு கருத்துக் கூறினர். பள்ளி ஆசிரியர் ஒருவர், பின்னால் நெருங்கி வருபவனால் முன்னே செல்பவனுக்கும் மிகச் சிறிதளவு நன்மை உண்டு என்று அறிவியலார் கண்டிருக்கின்றனர் என்றார். அவர் சொன்னது உண்மை. முன்னவன் முதுகுக்குப் பின்னே சுழலும் காற்று சற்று அடங்குகிறது. ஆனால் அன்று அதைக் கேட்டு எல்லாரும் நகைத்தனர். மற்றொருவர், நிமிடத்திற்கு ஒருவராகத் தனித்தனியே விட்டு நேரம் பார்த்தால் இத்தொல்லை இல்லை என்றார். அதுவும் உண்மையே, மேனாட்டுப் பந்தயங்களில் அவ்வகையும் உண்டு. ஆயினும் தனித்தனியே ஓடும் பந்தயத்தைப் பார்க்க ஊரில் யார் வெயிலில் நிற்பார்?

நம் கருத்து இது. பிறர் மறைவில் செல்வது இழிவன்று. நாமே அன்று ஐந்து கம்பம்தான் ஓட்டினோம். மற்ற நேரமெல்லாம் இளைஞர்களின் முதுகுக்குப் பின்னேதான் வந்தோம். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. இயலாதவனுக்கு அணி இடம் கொடுக்கிறது. அதைக் கேட்டுப் பெறவேண்டியதுகூட இல்லை. இயன்றும் வராதவனை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. விதி அவனைத் தடுக்காது, நடுவர் தண்டிக்கமாட்டார். அவனுக்கு நாணம் வரும் என்று காத்திருப்பதும் வீண். அவன் நாணவேண்டிய நேரத்தில் பரிசு வாங்கிக்கொண்டிருப்பான். எனவே பையனுக்கு ஆறுதல் சொல்வதைவிட, காற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லிக்கொடுப்பதே நல்லது என்று தோன்றியது.

நாங்குனேரிப் பக்கம் கூந்தன்குளத்திற்குக் குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் இமயத்தைக் கடந்து வருகின்றன. அவை ஒன்றன்பின் ஒன்றாகப் பறப்பதில்லை. முன்பறவைக்குப் பின்னே, சற்றுப் பக்கவாட்டில், சாய்வாக வரிசையிட்டுப் பறக்கும். முன்பறவையின் இறக்கை நுனியிலிருந்து எழும் காற்று பின்பறவையைத் தாங்குகிறது. மிதிவண்டிக்கு இதே சாய்வு வேறு காரணத்தால் வேண்டியிருக்கிறது. காற்று நேர் எதிரே வராமல் பக்கத்திலிருந்து வந்தால், மறைவு முன்னவனுக்கு நேர் பின்னே கிடைக்காது. மறுபக்கமாக ஒதுங்கிக் கிடைக்கும். இடப்பக்கத்துக் காற்றானால் இரண்டாமவன் முன்னவனுக்கு வலப்புறம் சற்றுப் பின்னே வரவேண்டும்; மூன்றாமவன் அவனுக்கும் வலப்புறம். இப்படிச் சாலையின் குறுக்கே வரிசை சாய்ந்து நீளும். சாலை முடிந்தால் வரிசையும் முடிந்தது. அதற்கு அப்பால் வருபவன் சரளைக் கல்லின் ஓரத்தில், மறைவின்றி, முழுக்காற்றையும் தானே தாங்கவேண்டியதுதான்.

இதில் நுட்பம் ஒன்று உண்டு. எத்தனை பேருக்கு இடம் என்பதை முடிவு செய்பவன் முன்னே செல்பவன். அவன் காற்று வரும் பக்கத்து ஓரத்தை ஒட்டிச் சென்றால் வரிசை நீளும்; சாலை நடுவே சென்றால் பின்னால் இருவருக்கோ மூவருக்கோ மட்டுமே மறைவு கிடைக்கும். பங்கு இல்லத்து முற்றத்தில் சாக்கட்டியால் கோடு கிழித்து இதைக் காட்டினோம். பையன் ஒருமுறை பார்த்தான். “சரி சாமி” என்றான். பால் கொண்டுபோக நேரமாகிவிட்டது.

ஆவணியில் வேறோர் ஊரில் அடுத்த பந்தயம். சாலை வடக்கு நோக்கியது, காற்று இடப்பக்கத்திலிருந்து. பன்னிரண்டடிச் சாலை. மறுபடியும் முன்னே ஓர் அணி போய்விட்டது. பையன், சூளைச் சகோதரர்கள், நாம் என நால்வர் சாய்வாகச் சேர்ந்தோம். அலுவலர் பின்னாலிருந்து வந்து சேர்ந்தபோது பையன்தான் முன்னே இருந்தான். திரும்பிப் பார்த்தான். சாலையின் நடுக்கோட்டை விட்டு அவன் நகரவில்லை. நான்காவது ஆளாகிய நமக்கே வலப்புறம் தார் முடிந்துவிட்டது. அலுவலருடைய மெல்லிய சக்கரம் சரளையில் நொறுநொறுவென்று ஓடியது. முறை மாறியது. அண்ணன் முன்னே வந்தான், அவனும் நடுக்கோடு. பிறகு தம்பி. யாரும் ஒரு சொல் பேசவில்லை. இரண்டு கிலோமீட்டர் தொலைவு அவர் அவ்வாறு வந்தார். வலுவுள்ள மனிதர்தாம், இல்லாவிட்டால் அரைக் கிலோமீட்டரில் விழுந்துவிட்டிருப்பார்.

பையன் மறுபடி முன்னே வந்தபோது அவர் குரல் கொடுத்தார். “தம்பி, எனக்கும் ஒரு எடம் குடு. நானும் முன்னால வாறேன்.”

பையன் விடை கூறவில்லை. சற்று நேரம் அப்படியே மிதித்தான். சூளை அண்ணன் நம்மைப் பார்த்தார். நாம் சாலையைப் பார்த்தோம். பந்தயத்தில் குருவானவரின் அதிகாரம் செல்லாது. பின்னர் பையனுடைய முன்சக்கரம் இரண்டு முழம் இடப்பக்கம் நகர்ந்து தாரின் ஓரத்தை ஒட்டிற்று. எல்லாரும் அவனோடு நகர்ந்தோம். வலக்கோடியில் ஒருவருக்கு இடம் உண்டாயிற்று.

அவர் சொன்னபடியே வந்தார். தம் முறைக்குப் பத்துக் கம்பமன்று, பதினைந்து, இருபது என்று ஓட்டினார். நல்ல வண்டியும் தேக்கிவைத்த வலுவும் அணிக்கு எவ்வளவு பெரிய துணை என்பதை அப்போது கண்டோம். எட்டாவது கிலோமீட்டரில் முன்னே சென்றவர்கள் கண்ணுக்குப் பட்டனர். பதினாறாவதில் அவர்களைப் பிடித்துவிட்டோம். அதன்பின் நடந்தவற்றை நாம் நேரில் பார்க்கவில்லை, ஏனெனில் பிடித்த மறுநிமிடமே பின்தங்கிவிட்டோம். பையன் மூன்றாவதாக வந்தான் என்றும், அலுவலர் நான்காவது என்றும் பின்னர் அறிந்தோம். இறுதி நூறு மீட்டரில் இருவரும் ஒருவரையொருவர் வெல்ல முழுமூச்சாக மிதித்தார்களாம். அதுதான் முறை.

மூன்றாம் பரிசு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். பையன் பின்டயர் ஒன்று மட்டும் வாங்கினான். முன்டயர் இன்னும் ஓராண்டு தாங்கும் என்றான். மிச்சப் பணத்தை அவன் தாய் வாங்கிக்கொண்டார். நாம் பதினோராவதாக வந்து சேர்ந்தபோது அலுவலர் தேநீர்க் கடை நிழலில் அமர்ந்து, சரளையில் கீறுபட்ட தம் டயரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சூளைத் தம்பி பஞ்சர்ப் பசையுடன் குந்தியிருந்தான்.